முப்பத்திரண்டாம் நம்பர் கார்டு

பபுள்கம் வாங்கினால் காகிதத்துக்குள் கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டை ஒன்று வரும் காலம் இருந்ததே, அது ஞாபகம் இருக்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படிக்கக் கூடாது என்றில்லை. ஆனால் அந்த அட்டையை மூக்கில் வைத்து முகர்ந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். ரோஜாப்பூவையும் சர்க்கரைத் தூளையும் சேர்த்துக் கசக்கின மாதிரி ஒரு வாசனை. வாயில் போட்ட கம் கொஞ்ச நேரத்தில் சப்பென்று ஆகிவிடும். அட்டையில் மட்டும் அந்த வாசனை ஒரு வாரம் நிற்கும்.

நாங்கள் அதைக் கார்டு என்போம். என்னிடம் இருந்த கார்டுகளில் மட்டும் அந்த வாசனை கிடையாது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனைதான் அடிக்கும்.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளக்கேற்றி, பெருமாளைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு வரிசை வீடு. ஆறு குடும்பம், ஒரு குழாய். அதில் நான்காவது எங்கள் வீடு. நான், கைக்குழந்தையாக இருந்த என் தம்பி, அம்மா, நைனா. நைனா ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் பிறந்தவர். வீட்டில் அவரை நாங்கள் அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. அம்மா பொன்னேரிப் பக்கம். அவள் தமிழில் திட்டுவாள், இவர் தெலுங்கில் சிரிப்பார்.

தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டியும் லேபிளும் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் நைனாவுக்கு வேலை. காகிதம் வெட்டும் மெஷினில் ஹெல்பர். கான்ட்ராக்ட் ஆள். அந்த பபுள்கம் கார்டுகளை அடித்து வெட்டி அனுப்புகிறதும் அந்தக் கம்பெனிதான். நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எந்தப் பாஷையிலும். நம்பர் மட்டும் படிப்பார்.

எங்கள் வரிசையில் எந்த வீட்டு அடுப்பில் எது எரிகிறது என்று பார்த்தாலே அந்த வீட்டு ஆள் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். இரும்புக் கம்பெனி ஆள் வீட்டில் கரித்துண்டு. மரப்பெட்டிக் கம்பெனி ஆள் வீட்டில் சிராய். எங்கள் வீட்டில் காகிதச் சீவல். சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் கேட் பாஸில் ‘வேஸ்ட், ஒரு கட்டு’ என்று எழுதித் தருவார்கள். நைனா அந்தக் கட்டைச் சைக்கிள் கேரியரில் வைப்பார். அது சரிந்து விழாமல் பின்னால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடப்பது என் வேலை. அதற்காகவே சனிக்கிழமை மதியம் கேட்டில் போய் நிற்பேன்.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தால் சீவலுக்கு நடுவில் மடித்த ஷீட் ஒன்றிரண்டு இருக்கும். கலர் தள்ளிப்போய், ஆட்டக்காரர்களின் உதடு ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாக விழுந்த ஷீட்டுகள். ஒருத்தருக்கு ரெண்டு மீசை. ஒருத்தர் கையில் பேட்டே இல்லை, பேட்டின் சிவப்பு நிழல் மட்டும் இருக்கும். நைனா இரும்பு ஸ்கேலையும் பிளேடையும் எடுத்து உட்கார்ந்தால் மெஷின் தோற்றுப்போகும். அவ்வளவு நேராக வெட்டுவார். கம்மோடு வரும் கார்டுக்கு முனை மழுங்கி இருக்கும், நைனா வெட்டின முனை கையில் குத்தும்.

படத்தில் இருக்கிறவர் யார் என்று நைனாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மாட்டார். வெள்ளைக்காரர் ஒருவரைக் காட்டி, இவர் நாயுடுப்பேட்டைக்காரர், வெயில் படாமல் வளர்த்துவிட்டார்கள் என்பார். ஆறடிக்கு மேல் வளர்ந்த பந்துவீச்சாளரைக் காட்டி, எங்கள் ஊர் பக்கம் தென்னை ஏறுகிறவர், ஏணி தேவைப்படாது என்பார். நானும் நம்பின மாதிரியே கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு இதெல்லாம் வெட்டிப் பேச்சு. “பொட்டப் புள்ளைக்கி இன்னாத்துக்குய்யா இத்தெல்லாம்? அத்த அடுப்புல வெச்சா ஒரு டீயாவது ஆவும்” என்பாள்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள்தான் கார்டு சேர்ப்பார்கள். பெண் பிள்ளைகளில் நான் ஒருத்தி. ஒன்றிலிருந்து ஐம்பது நம்பர் வரை சேர்த்து அனுப்பினால் கம் கம்பெனிக்காரன் ஒரு பேட் அனுப்புவான். எல்லோரிடமும் நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு என்று சேர்ந்திருக்கும். முப்பத்திரண்டு மட்டும் யாரிடமும் இருக்காது. மெட்ராஸில் ஒருத்தனுக்கு வந்ததாம் என்பார்கள். அந்த ஒருத்தனை யாரும் பார்த்ததில்லை. முப்பத்திரண்டை மட்டும் கொஞ்சமாக அடித்து, எண்ணி, பூட்டி வைத்திருந்தார்கள் என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட முப்பத்திரண்டு ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒன்று இல்லை, பன்னிரண்டு. சின்ன ஷீட் ஒன்றில் மூன்று வரிசையாக ஒரே ஆள். நீல மை மட்டும் அளவுக்கு மேல் ஏறி, தலையிலிருந்து கால் வரை நீலமாக நின்றார்.

நைனா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இவன் நம்ம கிருஷ்ணுடுதான் பாப்பா. புல்லாங்கொழல வெச்சிட்டு கட்டைய எடுத்துக்கினான்” என்றார். சொன்னதோடு விடாமல் ஒரு கார்டை வெட்டி, கோந்து தடவி, சாமி மாடத்தில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியும் விட்டார்.

அம்மா குதித்தாள். “கால்ல பட்டை கட்டினு நிக்கிறவன சாமிகிட்ட ஒட்டுவியா நீ?”

“அவன் கால்ல சலங்கைன்னு நெனச்சிக்கோ” என்றார் நைனா.

திட்டினாளே தவிர, மறுநாள் விளக்கேற்றும்போது அந்த நீலக் கார்டுக்கும் சேர்த்து ஒரு பொட்டு வைத்தாள். நான் பார்த்தேன்.

மீதிப் பதினொன்றும் என் பிஸ்கட் டின்னுக்குள் போனது. யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்பார்கள். எங்கள் கார்டை நைனாதான் கொண்டுவருகிறார் என்று சொல்ல எனக்குக் கூச்சம், காசு கொடுத்துக் கம் வாங்க வக்கில்லை என்று ஆகிவிடுமே. பையன்கள் துப்பிப் போட்ட கம்மின் காகிதத்தைப் பொறுக்கிக் கொண்டுவந்து டின்னுக்குள் போட்டு மூடி வைப்பேன். வாசனை ஏறட்டும் என்று. நாலைந்து நாளில் கொஞ்சம் ஏறும். அச்சு மெஷின் துடைக்கிற மண்ணெண்ணெய் வாசனை முழுசாகப் போகாது.

புரட்டாசி பிறந்த வாரம் டீச்சர் வகுப்பில் வந்து சொன்னார், குரூப் போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்று. எல்லோரும் நிற்கலாம், ஆனால் போட்டோ வேண்டுமென்றால் பதினைந்து ரூபாய். எங்கள் வீட்டில் அதுவரை என் போட்டோ ஒன்றுகூட இல்லை. அம்மாவும் நைனாவும் கல்யாணத்தில் எடுத்தது ஒன்று, அதிலும் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற முகம் காகிதத்தில் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரே தவிப்பு. அம்மாவிடம் கேட்டேன். உன் மூஞ்சியை நான் தினம் பார்க்கிறேன், அது போதும் என்றாள்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன். நைனா கம்பெனியின் ஸ்டோர்ஸ் ஆபீசர் மகன். வகுப்பிலேயே ஷூ போட்டு வருகிறவன் அவன் ஒருத்தன்தான். நல்ல பையன்தான், பேட் பைத்தியம் தவிர வேறு குற்றம் இல்லை. நாற்பத்தொன்பது சேர்த்துவிட்டு முப்பத்திரண்டுக்காக ஏங்கிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மணி அடித்ததும் அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு டின்னைத் திறந்து காட்டினேன்.

அவன் ஒன்றை எடுத்து முகர்ந்தான்.

“மண்ணெண்ண வாசனை வருது.”

“வெளக்குக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன்.”

“முனை இன்னா கூரா கீது?”

“புதுசு. இனிமேல் எல்லாம் இப்படித்தான் வரும்.”

“மூஞ்சி ஏன் நீலமா கீது?”

வேண்டாம் என்றால் விடு என்று டின்னை மூடப் போனேன். அவன் மூடியில் கை வைத்தான். ஒன்று மட்டும் போதாதாம், பதினொன்றும் வேண்டுமாம். மற்றவனுக்கு நான் விற்றுவிட்டால் அவனுக்கும் பேட் வந்துவிடுமே, அதனால். கடைசியில் டின்னோடு மொத்தத்தையும் கேட்டான், பதினைந்து ரூபாய் என்றேன். ரெண்டு மீசைக்காரர், சிவப்பு நிழல்காரர், தென்னை மரத்துக்காரர் எல்லோரும் போனார்கள். மறுநாள் காலையில் பதினைந்து ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தான், பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்ததாம். எண்ணக்கூட இல்லை, நேராக டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். டின் இல்லாமல் பை லேசாக இருந்தது. அழுகை வரும் போல இருந்தது, ஆனால் வரவில்லை. போட்டோ நாளன்று அம்மாவின் மல்லிகைச் சரத்தைப் பாதி கிள்ளி வைத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் நின்றேன். அந்த ஷூ பையன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் டின் எங்கே என்று நைனா கேட்கவில்லை. அவர் வேறு நினைப்பில் இருந்தார். ஏழு வருஷ கான்ட்ராக்ட்டுக்குப் பிறகு அவர் பெயர் பர்மனென்ட் லிஸ்ட்டில் வந்திருந்தது. நாலு பேர் பெயர், அதில் இவர் மூன்றாவது. அம்மா செல்லியம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். பர்மனென்ட் ஆனால் வரிசை வீட்டை விட்டுத் தனிக் குழாய் உள்ள வீட்டுக்குப் போகலாம், என்னைப் பெரிய படிப்பு படிக்க வைக்கலாம் என்று ராத்திரிச் சோறு போடும்போதெல்லாம் பேச்சு.

புரட்டாசிச் சனிக்கிழமை நைனா விரதம். விடியற்காலையில் குளித்து, பெரிய நாமம் போட்டு, பித்தளைச் சொம்புக்கும் நாமம் போட்டு, ‘கோவிந்தா’ என்று நாலு தெரு போய் வாசல் வாசலாக அரிசி வாங்கி வருவார். யாசித்து வந்த அரிசியைப் பொங்கித்தான் பெருமாளுக்குப் படைக்க வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். சொம்பை வைத்துவிட்டு அதே நாமத்தோடு வேலைக்குப் போவார். சாயந்திரம் படைத்த பிறகுதான் வாயில் பருக்கை.

அது மூன்றாவது சனிக்கிழமை. வழக்கம்போல நான் கேட்டில் நின்றேன். சங்கு ஊதினது, ஆட்கள் வெளியே வந்தார்கள். நைனாவை மட்டும் செக்யூரிட்டிக்காரர் ஓரமாக நிறுத்தினார். வேஸ்ட் கட்டைப் பிரித்துக் கொட்டச் சொன்னார். நைனா கொட்டினார். வெறும் சீவல்தான் இருந்தது. நல்லவேளை என்று நான் நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து ஸ்டோர்ஸ் ஆபீசர் வந்தார். அவர் கையில் என் பிஸ்கட் டின் இருந்தது.

பேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பையன் ஆசையாக அப்பாவிடம் காட்டியிருக்கிறான். அவர்தான் அந்தக் கார்டையெல்லாம் எண்ணிப் பூட்டி வைக்கிறவர். பார்த்த உடனே தெரிந்திருக்கும்.

ஆபீசர் டின்னைத் திறந்து ஒரு நீலக் கார்டை நைனா முகத்துக்கு நேராகப் பிடித்தார். இது என்ன என்றார். வேஸ்ட் சார் என்றார் நைனா.

“இது வேஸ்ட் இல்லய்யா, ரிஜெக்ட். வேஸ்ட்டுன்னா சீவினது, ஓரம் வெட்டினது. அதுக்குத்தான் பாஸ். பிரின்ட் ஆகி தப்பாப் போனது ரிஜெக்ட். ரிஜெக்ட்டை எண்ணி எரிக்கணும். ஏழு வருஷமா இருக்க, இந்த வித்தியாசம் தெரியாதா உனக்கு?”

நைனா உண்மையிலேயே யோசித்தார். அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டார்.

“ரெண்டும் ஒரே தொட்டியிலதானே சார் கெடந்துச்சு? வாணாம்னு போட்டதுல ஒசந்தது, மட்டம்னு கீதா?”

சுற்றி நின்ற ஆட்களில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆபீசர் முகம் மாறிவிட்டது. செக்யூரிட்டிக்காரர் அவருக்கு ஒத்தாசையாக, நைனாவின் நெற்றியைக் காட்டிச் சொன்னார்.

“நாமத்த போட்டுக்கினு வந்து கம்பெனிக்கே நாமம் போட்டுட்டியேடா.”

இதற்கும் சிரித்தார்கள். முன்னே சிரித்ததைவிட அதிகமாக. நைனாவின் கை நெற்றிக்குப் போனது. துடைக்கவில்லை. தொட்டுப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் ஆபீசர் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் ஒன்றும் கடுமையாக இல்லை. அதைச் சொல்ல வேண்டும்.

“ஏம்மா, நீதானே எம் பையன்கிட்ட வித்த? யாரு விக்கச் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை சார், நானாகத்தான் விற்றேன், நைனாவுக்குத் தெரியாது. இவ்வளவுதான் பதில். வாயில் வந்து நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சரிடம் சொல்லி போட்டோ கிடைக்காமல் பண்ணிவிடுவார்களோ என்ற பயம் ஒன்று. அடிப்பார்களோ என்ற பயம் ஒன்று. காலடியில் கொட்டிக் கிடந்த காகிதச் சீவலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு தரம் கேட்டார். நின்றேன்.

“கொழந்திய கேக்காதீங்க சார்” என்றார் நைனா. “நான்தான் குடுத்து விக்கச் சொன்னேன்.”

அதோடு எல்லாம் முடிந்தது. தெரியாமல் எடுத்தவர் என்பது போய், திருடி விற்றவர் என்று ஆனது.

செக்யூரிட்டிக்காரர் ரிப்போர்ட் எழுதலாம் சார், மேலே அனுப்பலாம், எரித்ததை எழுதி வைக்கிற ரிஜிஸ்டரையும் எடுத்து ஒத்துப் பார்க்கலாம் என்றார். ஆபீசர் டின்னை மூடினார். பிறகு, வேண்டாம், பிள்ளைகுட்டிக்காரன், ரிப்போர்ட் எல்லாம் எதற்கு, லிஸ்ட்டில் பெயரை மட்டும் எடுத்துவிடலாம், லோடிங்கில் போடலாம் என்றார். டின்னை நைனாவிடமே கொடுத்து, பாய்லரில் போட்டுவிட்டு வரச் சொன்னார். நைனா டின்னோடு உள்ளே போனார். வெளியே வரும்போது வெறுங்கையாக வந்தார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கேரியரில் கட்டு இல்லை, ஆனாலும் நான் பழக்கத்தில் ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டே போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரைக்கும் நின்றோம். வீட்டில் காலையில் வாங்கின அரிசி பொங்கி வடையும் சுண்டலும் தயாராக இருந்தன. தளிகை போட்டு, கற்பூரம் காட்டி, கோவிந்தா சொன்னார். வழக்கமாக மூன்று தரம் சொல்கிறவர் அன்றைக்கு ஒரு தரம்தான் சொன்னார். பிறகு மாடத்தில் ஒட்டியிருந்த நீலக் கார்டை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தார். திங்கட்கிழமை அதையும் கொண்டுபோய் ஸ்டோர்ஸில் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா வைத்த குங்குமம் அதில் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் வேலைக்கு அவர் நாமம் போட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுப் போட்டுக்கொள்வார்.

அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு நான் விற்றது தெரியவே தெரியாது, நைனா சொல்லவில்லை. அவள் நைனாவைத்தான் கரித்துக் கொட்டினாள். “புள்ளைய வுட்டு வித்து டப்பு பாக்கற அளவுக்கு வந்துட்டியே. இன்னாத்துக்குய்யா வித்த? குடிச்சியா?” நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி குழாயடிக்குப் போய்விட்டேன். மறுநாள் அம்மா அரிசிப் பானையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு ஆபீசர் வீட்டுக்குப் போனாள், பையன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க. அவர் வாங்கவில்லை. போலீஸுக்குப் போகாமல் விட்ட மகராசன், காசையும் வேண்டாம் என்றாரே என்று அழுதுகொண்டே வந்தாள். அன்றிலிருந்து விளக்கேற்றும்போது எங்கள் பெயர்களோடு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். வருஷக்கணக்காகச் சொன்னாள்.

பையன் ஒரு வாரம் பள்ளிக்கூடம் வரவில்லை. வந்த அன்று தண்ணீர்த் தொட்டி அருகில் என்னைப் பார்த்து, எங்கப்பா என்னை பெல்ட்டால் அடித்தார் என்று மட்டும் சொன்னான். என் மேல் கோபமா என்று கேட்கத் தோன்றவில்லை. போட்டோ வந்தது. என் முகம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பெட்டியில் பாவாடைகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்து நிறைய சாமான் போனது. அதுவும் போனது.

நைனா லோடிங்கில் பெட்டி தூக்கினார். கான்ட்ராக்ட் ஆளாகவே. நான் எட்டாவதோடு நின்றதற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் பெருமாளுக்கு அடுக்காது, வேறு கஷ்டங்களும் இருந்தன. ஆனால் அதுவும் ஒரு காரணம்.

பிறகு எனக்கே தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது, ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங். அங்கேயும் தப்பான லேபிளை எண்ணி எரிக்க வேண்டும். எரிப்பதை ஒரு ஆபீசர் நேரில் நின்று பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஆபீசரம்மா ஏசி ரூமை விட்டு வெளியே வராமலே போட்டுவிடுவார். ஒருநாள் அந்த ரிஜிஸ்டரை நான் தூக்கிக்கொண்டு போகும்போது, நடு வராண்டாவில் என் கால் நின்றுவிட்டது. அன்றைக்குக் கேட்டில் ரிஜிஸ்டர் என்ற பேச்சு வந்ததும் அந்த மனுஷர் ஏன் டின்னை மூடினார் என்று அப்போதுதான் புரிந்தது. பன்னிரண்டும் எரிந்துவிட்டதாக அவர் கையெழுத்து அதில் இருந்திருக்கும். ரிப்போர்ட் மேலே போயிருந்தால் முதலில் அவர்தான் மாட்டியிருப்பார். விட்டது இரக்கத்தில் இல்லை.

அம்மாவிடம் ஆத்திரத்தோடு போய்ச் சொன்னேன். அவள் நம்பவில்லை. “நல்லது செஞ்சவங்கள பத்தி நாக்கு மேல பல்லு போட்டு பேசாத” என்றாள். மாலையில் விளக்கேற்றி அவர் பெயரையும் சொன்னாள்.

நைனாவிடம் சொல்ல எனக்கு இன்னும் பல வருஷம் ஆனது. அவர் வேலையை விட்டு, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காலம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் கல்யாணமாகி செவ்வாப்பேட்டைக்கு வந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனபோது, மனதைத் திடப்படுத்திக்கொண்டு ரிஜிஸ்டர் விஷயத்தை எடுத்தேன். சொல்லி முடித்துவிட்டு, அந்தச் சூட்டோடு மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும் என்று எண்ணம்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிக்கவிடவில்லை.

“எனுக்கு அன்னிக்கே தெரியும். தொட்டில கெடக்கறத ஒண்ணா கொட்டி எரிக்கிற எடத்துல நிக்கிறவன் நானு. அவரு ஒருநாளும் வந்ததில்ல.”

“தெரியுமா? அப்போ கேட்டுலயே சொல்லியிருக்கலாமே நைனா. உங்க பேர எடுத்திருக்க மாட்டாங்களே.”

“சொன்னா இன்னா ஆவும்? வெசாரணை வெப்பாங்கோ. ஆபீஸ்ல உன்ன இட்டுனு போய் நடுவுல நிக்க வெச்சி கேப்பாங்கோ. அன்னிக்கி நீ தலைய தொங்க போட்டுக்கினு நின்னியே தல்லி, அத்த ஒருவாட்டி பாத்ததே போதும்னு ஆயிடுச்சி எனுக்கு.”

வேஷ்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவரே மேலே பேசினார்.

“அந்த நாலு பேரு லிஸ்ட்டுல மத்த மூணு பேரும் பர்மனென்ட் ஆனாங்கோ. இப்ப எங்க கீறாங்கோ? கம்பெனிய இஸ்துமூடி பத்து வருசம் ஆவுது. கம்பெனியே பர்மனென்ட் இல்ல, நான் எங்க ஆவறது?”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் வரும் வரைக்கும் சிரித்தோம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. கேட்க வேண்டியதைக் கேட்காமலே பஸ் ஏறினேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த தடவை நான் போனபோது அவர் பேசுகிற நிலையில் இல்லை.

இப்போது அமாவாசைக்கு அமாவாசை என் தம்பி திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்தில் நைனாவுக்கும் அம்மாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விடுகிறான். பெண்கள் விடுகிற வழக்கம் எங்களில் இல்லை. நான் கூடவே போய் நாலு படி மேலே நிற்பேன். ஐயர் நைனா பெயரைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஆரம்பிப்பேன்: நைனா, அன்னிக்கி கேட்டுல அந்தாளு என்னாண்ட கேட்டப்போ. அங்கே நின்றுவிடும். தம்பி அதற்குள் கரையேறி, வேஷ்டியைப் பிழிந்துகொண்டே வந்து, “வாக்கா, நாஷ்டா துன்ட்டு பஸ்ஸு புடிக்கலாம்” என்பான். போன மாதமும் அப்படித்தான் ஆனது.

வருகிற அமாவாசைக்கு அவனிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறேன், நீ போய்ச் சாப்பிடு, என்னைக் கொஞ்ச நேரம் கூப்பிடாதே என்று. இன்னாத்துக்குக்கா என்று கேட்டான். நைனாகிட்ட ஒரு வார்த்தை பேசணும் என்றேன்.